வாப்பா மவுத்தான அன்று நான் கடற்கரையில் இருந்தேன்

1

எங்கள் அலுவலகத்தில் விடுப்பு கேட்பதற்கு ஒரு கணினிப் படிவம் உண்டு. ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கும். ஆண்டு விடுப்பு, உடல்நலம், குழந்தைப் பராமரிப்பு, நெருங்கிய உறவினர் மரணம். இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் நான் கடைசியில் இருந்ததைத் தொட்டேன். உறவு: தந்தை. தேதியைப் போட்டதும் படிவம் சிவப்பாகிவிட்டது. மரணம் நிகழ்ந்து எட்டு வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டுமாம்.

பணியாளர் பிரிவுக்குப் போன் போட்டேன். இது ஒரு வருட நினைவு, வீட்டில் கத்தம் ஓதுவோம், பிறைக் கணக்குப்படி வருவதால் ஆங்கிலத் தேதிக்குப் பதினொரு நாள் முந்தியே வந்துவிடும் என்றெல்லாம் விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். “அப்படியானால் ‘தனிப்பட்டது, பிற’ என்று போடுங்கள், டாக்டர் காஜா மொஹிதீன்” என்றாள்.

காஜா முகைதீன் என் வாப்பாவின் பெயர். என் பெயர் மைமூன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு ஏஜென்ட் வாப்பா பெயரை அதில் நிரப்பிவிட்டார். பதினான்கு வருடமாக இந்த நாட்டில் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மகளின் பள்ளியிலும் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். வாப்பா மவுத்தான பிறகும் நாளைக்கு ஐந்தாறு முறை யாராவது அவரைக் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

‘தனிப்பட்டது, பிற’ என்று போட்டேன். விடுப்பு கிடைத்தது. ஊருக்குப் போய் வந்தேன். அங்கே நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். மேலப்பாளையத்தில் என் சொந்தக்காரர்களுக்கே அது இன்னும் சரியாகத் தெரியாது. ஒரு மாமி என்னை மீன் டாக்டர் என்கிறாள். இன்னொருத்தி, “அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்காவ?” என்று கேட்டாள்.

2

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். செத்துக் கரை ஒதுங்கும் திமிங்கலங்களையும் டால்பின்களையும் அறுத்துப் பார்த்து, அவை எதனால் செத்தன என்று எழுதிவைப்பது என் வேலை. வலையில் மாட்டியதா, கப்பல் மோதியதா, நோயா, பட்டினியா, கடலுக்கடியில் மனிதர்கள் எழுப்பும் சத்தத்தில் காது கெட்டு வழி தவறியதா என்று பார்க்க வேண்டும். அந்த அறிக்கைகளை வைத்துத்தான் எந்தப் பக்கம் வலை போடக் கூடாது, எந்த மாதத்தில் கடலுக்குள் வெடி வைக்கக் கூடாது என்று அரசாங்கத்தில் பேசுவார்கள். பல சமயம் பேச்சோடு நின்றுவிடும்.

நான் முதன்முதலில் பார்த்ததும் செத்த டால்பின்தான். கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம் படித்தபோது எங்களைப் புன்னைக்காயலுக்குக் கூட்டிப்போனார்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடம். நண்டு எண்ணப் போனோம். மணல் திட்டில் அது கிடந்தது, இரண்டு நாள் ஆகியிருக்கும். எல்லோரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். என் பையில் நண்டு அளக்கும் டேப் இருந்தது. நான் உட்கார்ந்து அதை அளந்தேன். ஏன் என்று அப்போதும் தெரியாது.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

“ஏ பிள்ள, எந்தூரு?”

“மேலப்பாளையம்.”

“மேலப்பாளையத்துப் பிள்ள ஓங்கலை அளந்து என்ன செய்யப் போவுது?”

அந்தக் கரையில் டால்பினை ஓங்கல் என்பார்கள். அன்றுதான் அந்தச் சொல் எனக்குத் தெரிந்தது.

“இது எப்படிச் செத்துச்சு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“அதுகிட்டயே கேளு” என்றார். சொல்லிவிட்டுப் பலமாகச் சிரித்தார்.

அவர் கேலிக்குத்தான் சொன்னார். நான் அதற்குப் பிறகு அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

3

தூத்துக்குடியில் மேற்படிப்பு முடித்ததும் டால்பின் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தார்கள். விசைப்படகில் விடியற்காலை போய் மத்தியானம் திரும்ப வேண்டும். படகில் ஏழு ஆண்கள், நான் ஒருத்தி. கழிப்பறை கிடையாது. அதனால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். புர்காவுக்கு மேலே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுவேன். ஓட்டுகிறவர், “பைய ஏறும்மா, பைய” என்று சொல்லிக் கையை நீட்டாமல் ஒரு கயிற்றை நீட்டுவார். அவ்வளவு மரியாதை. இரண்டு வருடத்தில் மூன்று முறை சிறுநீரகத் தொற்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று என் காக்கா சாகுல் சொன்னான். எனக்கு நான்கு வயது மூத்தவன். வாப்பா அப்போது சவூதியில் தம்மாமில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். வீட்டில் எந்த முடிவும் வெள்ளிக்கிழமை அவர் போன் வந்த பிறகுதான். உம்மா பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

“பொம்பளப் பிள்ள கடலுக்குப் போவுதுன்னு ஊரெல்லாம் பேசுதாவ வாப்பா” என்றான் காக்கா.

“அவ கடலுக்குள்ளதான போறா? மத்தியானம் வந்துருவால்ல?” என்றார் வாப்பா. “நான் கடலத் தாண்டி வந்து கெடக்கேன். வருசம் பதினெட்டாச்சு. என்னைய யாராவது பேசுனாவளா? போயிட்டு வரட்டும் லே.”

அதோடு முடிந்தது. அவருக்கு டால்பினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் சொல்வதைக் கேட்பார். சர்க்கரை முற்றி ஊருக்குத் திரும்பிய பிறகும், நான் இங்கே வந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால் முதல் கேள்வி இதுதான்: “இந்த வாரம் என்ன ஒதுங்குச்சு?” அடுத்தது, “எதனால செத்துச்சாம்?” தெரியவில்லை என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “இம்புட்டுப் படிச்சும் தெரியலியா?” என்பார். பின்னால் உம்மா குரல் கேட்கும்: “அவளுக்குத் தெரியும். ஒங்ககிட்ட சொல்ல மாட்டேங்கா.” செத்ததைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று உம்மா நம்பினாள். நானும் அதை மறுத்ததில்லை.

4

ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து வந்தேன். கல்யாணம் முடிந்து நான்கு மாதம். கணவர் இஸ்மாயில் கடையநல்லூர்க்காரர். என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினீயர். முதல் மூன்று வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். இப்போது நகராட்சி அலுவலகத்தில் இருக்கிறார். அந்த மூன்று வருடத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

படிப்பு முடிந்த பிறகு எல்லாம் ஒப்பந்தம்தான். இரண்டு வருடம், பிறகு பதினெட்டு மாதம், மறுபடி இரண்டு வருடம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு விசா, ஒவ்வொரு விசாவுக்கும் கைரேகை. ஒரு முறை என் கைரேகை பதியவில்லை. ஃபார்மலினிலும் உப்புத் தண்ணீரிலும் கிடந்து விரல் நுனி தேய்ந்துபோயிருந்தது. அதிகாரி ஒவ்வொரு விரலாகத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் இடது மோதிர விரல் மட்டும் பதிந்தது.

நான் எழுதிய முதல் அறிக்கையில் ‘இந்த விலங்கு கடற்கரையில் எக்ஸ்பயர்டு ஆனது’ என்று எழுதியிருந்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாம் அப்படித்தானே எழுதுவார்கள். இங்கே அது பால் பாக்கெட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சொல்கிற வார்த்தை. எங்கள் குழுவில் உதவியாளராக இருக்கும் அயன் அந்தத் தாளை என் மேசையில் வைத்து, “செத்தது என்றே எழுதலாம், அதில் தப்பில்லை” என்றார். அறுபது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார். அதிலிருந்து நான் செத்தது என்றுதான் எழுதுகிறேன்.

மகள் ஹனாவுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். முன்பு சனிக்கிழமைதோறும் கணினியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இப்போது சனிக்கிழமைகளில் அவளுக்கு ஹாக்கி. என் வேலையைப் பற்றி அவள் பள்ளியில் சொல்வதில்லை. ஒரு நாள் காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். வாடை என்றாள். நான் வரும்போது குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

5

போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, நாயோடு நடக்கப் போன ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னாள். பாறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடற்கரை. அலகுத் திமிங்கலம் ஒன்று கிடந்தது. ஐந்து மீட்டர் நீளம், பெண்.

இந்த வகை ஆழ்கடலில் வாழ்வது. ஒரு மணி நேரம் மூச்சடக்கி அடியில் இருக்கும். உயிரோடு பார்த்தவர்கள் குறைவு, அழுகாத உடல் கிடைப்பது அதைவிடக் குறைவு. எனக்கு இத்தனை வருடத்தில் அது இரண்டாவது. அந்த வாரம் வடக்கே எங்கோ கடலுக்கடியில் பெரும் சத்தம் இருந்ததை எங்கள் நீரடி மைக்குகள் பதிவு செய்திருந்தன. அந்தச் சத்தம் இதன் காதைக் கெடுத்ததா என்பதை உள்காதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். செத்துச் சில மணி நேரத்துக்குள் காது எலும்பை வெளியே எடுத்து, உள்ளே சிதையாமல் காக்கும் மருந்தை ஏற்ற வேண்டும். எங்கள் குழுவில் அதற்குப் பயிற்சி எடுத்தவள் நான் ஒருத்திதான். அங்கே வண்டி இறங்காது. மத்தியானம் ஒரு மணிக்குக் கடல் ஏறி உடலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். அயனும் நானும் எட்டரைக்கு ஆரம்பித்தோம்.

ஒன்பது இருபதுக்குக் காக்கா கூப்பிட்டான். கையுறை மாற்றிக்கொண்டிருந்த நேரம். எடுத்தேன்.

“மைமூன், வாப்பா மவுத்தாயிட்டாவ.”

“எப்ப?”

“மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் படுத்தாவ. எந்திரிக்கல.”

“உம்மா?”

“இருக்காவ.” யாரையோ நாற்காலி போடச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தான். “நீ வந்து சேர முடியாதுன்னு தெரியும். மஃரிபுக்கு முன்னால எடுத்துருவோம். அதுக்குள்ள வீடியோவுல கூப்பிடுதேன். மொகத்தப் பாத்துக்கோ.”

“சரி காக்கா.”

எங்களில் அன்றன்றே அடக்கம் செய்துவிடுவார்கள். அந்த நிமிடமே கிளம்பினாலும் மறுநாள் சாயங்காலம்தான் போய்ச் சேர முடியும். ஊரில் மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரம் இங்கே மத்தியானம் ஒரு மணி. இதையெல்லாம் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, திரை வெளியே தெரியும்படி நெஞ்சுப் பையில் செருகினேன்.

“எல்லாம் சரிதானே?” என்று அயன் கேட்டார்.

“சரிதான்” என்றேன்.

முதல் காதை எடுக்கப் பதினொன்றரை ஆயிற்று. உடலைப் புரட்டி மறுபக்கம் ஆரம்பித்தோம். அந்த எலும்பு கோழி முட்டை அளவு இருக்கும். தாடைக்கு அடியில் வழுவழுப்பான கொழுப்புக்குள் தொங்கும். மணிக்கட்டுவரை உள்ளே விட்டு விரலால்தான் தேட வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. விரல் அதைத் தொட்ட நேரத்தில் நெஞ்சில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். காக்கா பெயர்.

நின்றது. மறுபடி அதிர்ந்தது. நடுவில் ஒரு செய்தி வந்தது. இடது கை முட்டியால் பிளாஸ்டிக்கின் மேலேயே அழுத்தினேன். ‘எடு. மையத்த எடுக்கப் போறாங்க’ என்று இருந்தது. படித்தேன். அதற்குப் பிறகும் நான்கு முறை அதிர்ந்தது. மொத்தம் ஏழு.

எடுத்திருக்கலாம். அயனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனைப் பிடித்திருப்பார். வேலை கெட்டுவிடும் என்பதால் எடுக்கவில்லை என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. மறுபாதியைப் பலமுறை யோசித்துவிட்டேன். அந்தக் கையோடு வாப்பா முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் சரியில்லை. எதுவுமே தோன்றவில்லை. விரலில் எலும்பு இருந்தது. அதை விடாமல் பிடித்திருந்தேன்.

ஒரு மணிக்குக் கடல் முழங்காலுக்கு வந்தது. இரண்டு காதும் டப்பாவில் இருந்தன. மேலே ஏறி வந்து கை கழுவிவிட்டுக் காக்காவைக் கூப்பிட்டேன். அடக்கம் முடிந்திருந்தது.

“சிக்னல் இல்லாமப் போச்சு காக்கா” என்றேன்.

“சரி” என்றான்.

சிக்னல் இருந்தது. மூன்று கோடு.

6

அன்று வீட்டுக்கு வந்ததும் இஸ்மாயில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹனா கதவருகே நின்றாள். எனக்காகத் தமிழில் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். வெகுநேரம் யோசித்து, “உங்க வாப்பா முடிஞ்சிட்டாங்களா?” என்று கேட்டாள். சாப்பாடு முடிந்ததா, பாடம் முடிந்ததா என்று நாங்கள் கேட்கிற வார்த்தைதான் அவளிடம் இருந்தது.

“முடிஞ்சிட்டாங்க” என்றேன்.

உம்மா இத்தாவில் இருந்தாள்; கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும். தினமும் பேசினேன். அந்த வீடியோவைப் பற்றி உம்மா எதுவும் கேட்கவில்லை. காக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நான் அனுப்பும் செய்திக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான். அயனுக்கு விஷயம் ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். “நான் போனைப் பிடித்திருப்பேனே” என்றார்.

ஜூனில் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. மருந்து ஏறுவதற்கு முன்பே உள்காதின் செல்கள் சிதைந்துவிட்டிருந்தன. நாங்கள் நினைத்ததைவிட அது முன்னாலேயே செத்திருக்கிறது. செவிடா இல்லையா என்று சொல்ல முடியாது. நான் பதினொரு பக்க அறிக்கை எழுதினேன். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்று போட்டேன். அதை அனுப்பிவிட்டு மதியம் சாப்பிட்டேன். மாலையில் ஹனாவை ஹாக்கிக்குக் கூட்டிப்போனேன். அழுகை வரும் என்று பிப்ரவரியிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

7

இஸ்மாயிலுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஹனாவும் நானும் திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்தோம். நாங்குநேரி தாண்டும்வரை அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. உம்மா வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். ஹனாவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து முத்தமிட்டாள். அந்தக் கையில் புகையிலை வாடை. ஹனா முகத்தைச் சுளிக்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கத்தம் ஓதினார்கள். நெய்ச்சோறு போட்டார்கள். காக்கா பந்தியைப் பார்த்துக்கொண்டான். என்னிடம், “தண்ணி இருக்கா பாரு” என்பதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். உம்மா கூடத்தில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். இத்தா முடிந்த மறுநாளே திரும்ப ஆரம்பித்துவிட்டாளாம். சும்மா இருந்தால் கை வலிக்கிறது என்றாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

“ஏளா, ஒண்ணு கேக்கணும்னு ஒரு வருசமா வச்சிருக்கேன். போன்ல கேக்க மனசில்ல.”

“கேளு உம்மா.”

“அன்னைக்கு நீ வீடியோவுல வாப்பா மொகத்தப் பாத்தியே.”

நான் பார்த்ததாக யார் சொன்னது என்று கேட்கவில்லை.

“நான் அப்ப வீட்டுல இல்ல, தெரியும்லா? கம்பெனியில பீடி குடுக்கப் போயிருந்தேன். அன்னைக்குன்னு பாத்துக் கூட்டம். வந்து பாத்தா அங்கன கெடக்காவ.” கத்தரிக்கோலால் கட்டிலைக் காட்டினாள். “கூப்பிட்டாவளோ, தண்ணி கேட்டாவளோ, ஒண்ணும் தெரியல. வந்தவுக எல்லாரும் ஒறங்குத மாதிரி இருக்குன்னு சொன்னாவ. மையத்து வீட்டுல வேற என்ன சொல்லுவாவ? நீ அப்படியில்ல. செத்ததப் பாத்துப் படிச்சவ. நோவு பட்டுப் போயிருந்தா ஒனக்கு மொகத்துல தெரியும்லா? நீ பாத்தப்ப என்ன தெரிஞ்சுது? எனக்காவ மறைக்காத. உள்ளதச் சொல்லு.”

அதற்குள் ஹனா வந்து வைஃபை வரவில்லை என்றாள். நான் எழுந்தேன்.

“வந்து சொல்லுதேன் உம்மா” என்றேன்.

8

காக்காவுக்குப் பஜாரில் சுவிட்சும் பல்பும் விற்கிற கடை. நான் போனபோது தனியாக இருந்தான். நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

“நான் வாப்பா மொகத்தப் பாத்தேன்னு உம்மாகிட்ட யாரு சொன்னா?”

“நாந்தான்.”

“காக்கா, அன்னைக்குச் சிக்னல் இருந்துச்சு.”

“தெரியும்ளா. மெசேஜுல ரெண்டு டிக்கும் நீலமாச்சு.”

ஒரு வருடமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பிளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பெறகு ஏன் அப்படிச் சொன்ன?”

“என்ன செய்யச் சொல்லுத?” என்றான். குரலை உயர்த்தவில்லை. “மையத்தத் தூக்கிச் சந்தூக்குல வச்சாச்சு. பாங்கு சொல்ல நேரமாச்சு. உம்மா சந்தூக்குக் கால விட மாட்டேங்காவ. எம்பிள்ள பாக்காம எடுக்க உட மாட்டேன்னு பிடிச்சிக்கிட்டாவ. நீ எடுக்கல. சரி, பதிவு பண்ணியாவது அனுப்புவோம்னு வீடியோவப் போட்டு மொகத்துக்கு நேரா பிடிச்சேன். படம் எடுக்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் அஸ்ரத்து சத்தம் போடுதாரு. உம்மா, பாத்துட்டாளான்னு கேட்டாவ. பாத்துட்டான்னேன். அதுக்குப் பெறகுதான் கைய எடுத்தாவ.”

கடைக்கு ஒருவர் வந்து ஹோல்டர் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

“நீ எங்கிட்ட போன்ல பொய் சொன்ன. நான் வாப்பாவுக்கு மேல கைய நீட்டிக்கிட்டுச் சொன்னேன். அதான் மைமூன் எனக்கு ஆற மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்ல.”

“அந்த வீடியோ இருக்கா?”

“இருக்கு. அனுப்பத்தான் எடுத்தேன். மனசு வரல.”

போனைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றான்.

நாற்பத்திரண்டு விநாடி. வாப்பா முகம் படம் முழுக்க இருந்தது. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. இடது இமை முழுதாக மூடவில்லை. நெற்றியில் தொழுகைத் தழும்பு. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது, யாருடைய கையோ அதை ஓட்டியது. பின்னால் ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் உம்மா குரல்.

“பாத்துட்டாளா?”

“பாத்துட்டா உம்மா.”

“நல்லாப் பாக்கச் சொல்லு.”

படம் கொஞ்சம் ஆடி, மறுபடி முகத்துக்குக் கிட்டே போய் நின்றது. போனில் இல்லாத எனக்காகக் காக்கா இன்னும் நெருங்கிக் காட்டியிருக்கிறான். பிறகு அணைந்துவிட்டது.

மூன்று முறை பார்த்தேன். முதல் முறை மகளாகப் பார்க்க முயன்றேன். அடுத்த இரண்டு முறையும் என் வேலையைத்தான் செய்தேன். அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. உயிர் போனதும் முகத்தின் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். துடித்துப் போனவர் முகமும் தூக்கத்தில் போனவர் முகமும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். முகத்தை வைத்து என் துறையில் யாரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். எழுதினால் நானே அடித்துவிடுவேன்.

“உம்மா என்ன கேட்டாவ?” என்று காக்கா வாசலிலிருந்தே கேட்டான்.

சொன்னேன்.

“எங்கிட்டயும் கேட்டாவ” என்றான். “நான் சொன்னா நம்ப மாட்டேங்காவ. ஒனக்கு என்ன படிப்பு இருக்குன்னுட்டாவ.” திரும்பி வந்து போனை வாங்கிக்கொண்டான். “ஒனக்கு அனுப்பட்டுமா?”

“அனுப்பு.”

என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

9

வீட்டுக்கு வந்தபோது உம்மா அதே இடத்தில் இருந்தாள். தட்டில் பீடிக் கட்டுகள் கூடியிருந்தன. ஹனா பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருபது வார்த்தைகூட இருக்காது.

நான் உட்கார்ந்தேன்.

“பாத்தேன் உம்மா” என்றேன். “நோவு இல்ல.”

உம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்த்ததுபோல அவள் சமாதானமாகிவிடவில்லை. “எத வச்சுச் சொல்லுத?” என்றாள்.

அறிக்கையில் கேட்பதுபோலவே கேட்டாள். நான் விரலால் என் முகத்தையே தொட்டுத் தொட்டுச் சொன்னேன்.

“நெத்தியப் பாரு, சுருக்கம் இல்ல. நோவு வந்திருந்தா இங்கன இழுத்துரும். ஒதடு கடிபடல. பல்லு கிட்டிக்கல. ஒரு கண்ணு கொஞ்சம் தெறந்து இருந்துச்சு, அது ஒறக்கத்துல போறவங்களுக்குத்தான் அப்படி இருக்கும். லுஹருக்குப் பெறகு கண்ணசந்திருக்காவ. அதுலயே போயிட்டாவ.”

“எடது கண்ணு.”

“ஆமா, எடது கண்ணு.”

உம்மா என்னை உற்றுப் பார்த்தாள். அவள் அந்தக் கண்ணைக் கவனித்திருக்கிறாள். நானும் கவனித்திருக்கிறேன் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

“அப்ப என்னையக் கூப்பிட்டிருக்க மாட்டாவ?”

இத்தனை வருட வேலையில் தெரியாத ஒன்றை நான் தெரியும் என்று எழுதியதில்லை.

“கூப்பிடல உம்மா.”

உம்மாவின் உதடு அசைந்தது. “கூப்பிடல” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது. ஹனா அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, உம்மும்மா ஏன் அழுகிறார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.